அத்தியாயம் 6: ஊர்ச் சத்தத்தை பிரீசெட்டாக்குவது

ஒரு சாஃப்ட்வேர் சிந்தசைசரை இறக்கித் திறந்தால் நூற்றுக்கணக்கான பிரீசெட்டுகள் வரிசை கட்டி நிற்கும். பேஸ், லீட், பேட், பெல் என்று வகை பிரித்து அடுக்கியிருப்பார்கள். அதில் உறுமியைத் தேடினால் கிடைக்காது. இது இன்று வந்த குறை இல்லை. 1991இல் கீபோர்டு நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட ஜெனரல் மிடி பட்டியலில் 128 ஒலிகள் உண்டு. 105ஆவது சிதார், 112ஆவது ஷெனாய், 128ஆவது துப்பாக்கிச் சத்தம். நாகசுரம் இல்லை, தவில் இல்லை. திருவிழா வெடி வேண்டும் என்றால் துப்பாக்கியைத்தான் தட்ட வேண்டும்.

பிரீசெட் என்பது யாரோ ஒருவர் உட்கார்ந்து, தன் காதுக்குப் பிடித்தபடி அளவுகளை வைத்துச் சேமித்த ஒலி. 1978இல் வந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர் 40 ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டது. அதுவரை பெரும்பாலான கருவிகளில் ஒரு ஒலியைத் திரும்பக் கொண்டுவர, குமிழ்கள் நின்ற இடத்தைத் தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் ஒலிகளில் டேவ் பிரிஸ்டோவும் கேரி லியூன்பெர்கரும் செய்தவை அந்தப் பத்தாண்டின் பாடல்கள் முழுக்க ஒலித்தன. 1987இல் வந்த ரோலண்ட் டி-50க்கு எரிக் பெர்சிங் ஒலிகள் அமைத்தார். இந்தக் கருவிகளின் அலை சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் வந்து, தமிழ்த் திரையிசையின் நிறத்தை மாற்றியது. ஆனால் பிரீசெட் செய்தவர்களின் காதில் இருந்தது அவர்கள் ஊர்ச் சத்தம். நம் ஊர்ச் சத்தத்தை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் நாகசுரம், உறுமி, வெடி என்று மூன்று பிரீசெட்டுகளை அடியிலிருந்து கட்டப் போகிறோம். மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்று: ஒலியின் அடையாளம் அது நகரும் விதத்தில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஆசிலேட்டரில் அலைவடிவத்தை மாற்றி மாற்றியே பொழுதைப் போக்குவார்கள். நீங்கள் சுருதி எப்படி ஏறி இறங்குகிறது, சத்தம் எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிறத்தைக் கடைசியில் பூசலாம்.

கேட்டு எழுதுதல்

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்துக்கான ஒலிக்கூடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பங்குனி, சித்திரையில் அருப்புக்கோட்டை, விருதுநகர் வட்டாரம் முழுக்க மாரியம்மன், காளியம்மன் கோயில் பொங்கல்கள் வரும். முளைப்பாரியும் அக்கினிச் சட்டியும் போகும்போது முன்னால் மேளம் போகும். கரகாட்டம் வைத்தால் நையாண்டி மேளம்: நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தாளம். சாமி புறப்பாட்டுக்குச் சரவெடி. தென்மேற்கே போனால் பட்டாசு செய்யும் சிவகாசி.

கைபேசியில் பதிவு செய்யுங்கள். மேளத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். கைபேசி தானாகவே அளவைக் குறைத்துக் கூட்டும். தவிலின் முதல் அடியிலேயே நாகசுரம் அமுங்கிப் போகும். பத்துப் பதினைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். கலைஞர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இடைவேளையில் கேட்டால் பலரும் ஒரு வாத்தியத்தைத் தனியாக வாசித்தே காட்டுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு ஒலிக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்:

1. முதல் நொடியின் பத்தில் ஒரு பங்கில் என்ன நடக்கிறது?
2. நடுவில் சுருதி அசைகிறதா? எங்கிருந்து எங்கே?
3. எப்படி முடிகிறது? வெட்டினாற்போலா, கரைந்தா?
4. வாசிப்பவர் கை அல்லது மூச்சு என்ன செய்தால் ஒலி மாறுகிறது?

நான்காவது கேள்விதான் பிரீசெட்டைத் தீர்மானிக்கும். அந்தக் கை செய்யும் வேலையை உங்கள் கீபோர்டில் எந்த வீலுக்கு, எந்தக் கட்டைக்கு, எந்த அழுத்தத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதே வடிவமைப்பு.

கருவிகள்

சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசரை எடுத்துக்கொள்வோம். காசு கிடையாது. வெம்பர் ஆடியோவின் கிளாஸ் யோஹான்சன் எழுதி, 2018இல் திறந்த மூலமாக விட்ட நிரலிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வைட்டல் என்ற சிந்தசைசரின் இலவசப் பதிப்பிலும் இங்கே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை நடக்கும். பொத்தான்களின் பெயர்தான் மாறும். யுஎஸ்பி வழியாக மிடி அனுப்பும் ஒரு கீபோர்டு வேண்டும். பிட்ச் பெண்ட் வீலும் மாட் வீலும் உள்ளதாக இருந்தால் நல்லது.

சர்ஜில் 'இனிட்' என்று பெயர் தொடங்கும் வெற்று பிரீசெட் ஒன்றை ஏற்றி அங்கிருந்து தொடங்குங்கள். இன்னொருவர் செய்த பிரீசெட்டைத் திருத்தினால், அவர் வைத்த ஏதோ ஒரு மாடுலேஷன் எங்கோ ஒளிந்திருந்து கடைசி நேரத்தில் கழுத்தறுக்கும்.

முதல் பிரீசெட்: நாகசுரம்

நாகசுரம் கூம்பு வடிவக் குழல். சீவாளி வழியாக மூச்சு போகிறது. அடியில் அணைசு விரிகிறது. கூம்புக் குழல் என்பதால் இரட்டை, ஒற்றை எல்லா மேற்சுரங்களும் அதில் உண்டு. ஆகவே ரம்ப அலை பொருந்தும்.

*நிறம்.* ஆசிலேட்டர் 1: கிளாசிக் வகை, ரம்ப அலை. ஆசிலேட்டர் 2: ஒடுக்கமான பல்ஸ், அகலம் 15 முதல் 20 சதவீதம், முதலாவதை விட 9 டெசிபல் குறைவாக. மிக்சரில் உள்ள நாய்ஸை 30 டெசிபல் குறைவாகச் சேருங்கள். மூச்சுக்கு அது போதும். ஃபில்டர் 1 லோ பாஸ், 3,500 ஹெர்ட்ஸ், ரெசொனன்ஸ் 15 சதவீதம். ஒலி வருவதற்கு இவ்வளவு போதும்; நிறத்தை நுணுக்குவது கடைசியில்.

*தொடக்கம்.* ஆம்ப் என்வலப்பில் அட்டாக் 25 மில்லி செகண்ட், சஸ்டெய்ன் முழுசாக, ரிலீஸ் 90. சீவாளி சட்டென்று சுருதியில் வந்து நிற்பதில்லை. கீழிருந்து எட்டிப் பிடிக்கும். ஒரு எல்எஃப்ஓவை என்வலப் வடிவத்துக்கு மாற்றி, சுருதியை அரைச் சுரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்த்தித் தொடங்கி 60 மில்லி செகண்டில் சரியான இடத்துக்கு வரும்படி வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தவுடனே ரம்ப அலை வாத்தியமாக மாறத் தொடங்கும்.

*மூச்சு.* பிளே மோடில் 'மோனோ எஸ்டி+எஃப்பி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விரலை எடுக்காமல் அடுத்த கட்டைக்குப் போனால் என்வலப் மறுபடி தொடங்காது; சுருதி வழுக்கிப் போகும். விரலை எடுத்து அடித்தால் புதிய துத்துகாரம். ஒரே மூச்சில் வாசிப்பதற்கும் நாக்கால் வெட்டி வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு இப்போது உங்கள் விரலுக்கு வந்துவிட்டது. போர்ட்டமெண்டோ 50 மில்லி செகண்டில் தொடங்கிப் பாருங்கள்.

*கமகம்.* இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். மாட் வீலில் ஐந்தரை ஹெர்ட்ஸ் வைப்ரேட்டோவைப் போட்டுவிட்டுக் கமகம் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்எஃப்ஓ ஒரே வேகத்தில், மேலும் கீழும் ஒரே அளவில் ஆடும். கமகம் ராகத்துக்கும் சுரத்துக்கும் தகுந்தபடி வேகமும் எல்லையும் மாறுவது. அதைக் கையால்தான் செய்ய வேண்டும், பிட்ச் பெண்ட் வீலில்.

எல்லை எவ்வளவு வைப்பது? தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரி என்ற நீளமான நாகசுரம் பொதுவாக இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கும். இரண்டு கட்டை என்றால் ஸ என்பது டி. அப்போது சுத்த ரிஷபம் டி ஷார்ப், சாதாரண காந்தாரம் எஃப், சுத்த மத்யமம் ஜி. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் அசையும். எஃப்பிலிருந்து டி ஷார்ப் இரண்டு அரைச் சுரம் கீழே. ஜி இரண்டு அரைச் சுரம் மேலே. ஆகவே பெண்ட் எல்லையை மேலே 2, கீழே 2 என்று வைத்தால், எஃப் கட்டையை அழுத்திக்கொண்டு வீலை முழுசாக ஆட்டும்போது அந்த காந்தாரத்தின் முழு அசைவும் கைக்குள் அடங்கிவிடும்.

"12 வைத்தால் இன்னும் வசதிதானே?" என்று தோன்றும். மிடியில் பெண்ட் வீலுக்கு 16,384 நிலைகள் உண்டு. ஆனால் மலிவான கீபோர்டுகள் சில 128 நிலைகளை மட்டும் அனுப்பும். நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 64. எல்லை 2 என்றால் ஒரு படி சுமார் 3 சென்ட், காதுக்குத் தெரியாது. எல்லை 12 என்றால் ஒரு படி சுமார் 19 சென்ட். சுருதி படிக்கட்டு இறங்குவது அப்பட்டமாகக் கேட்கும்.

*சுருதி சேர்த்தல்.* ஒரு மேக்ரோவை மாஸ்டர் சுருதிக்கு, மேலும் கீழும் 50 சென்ட் அளவுக்கு இணைத்து 'சுருதி' என்று பெயரிடுங்கள். சீவாளியையும் வெயிலையும் பொறுத்து நாகசுரத்தின் சுருதி சற்று நகரும். சிந்தசைசர் நகராது. உண்மையான மேளத்தோடு சேர்ந்து வாசிக்க நேர்ந்தால் இந்த ஒரு குமிழ் மானத்தைக் காப்பாற்றும்.

இரண்டாவது பிரீசெட்: உறுமி

உறுமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள்; மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்ப்பில் வரும் அந்த முனகல்தான் நமக்கு வேண்டியது. குச்சி தோலைப் பிடித்து இழுக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. இந்தப் பிடிப்பும் நழுவலும் மாறி மாறி வருவதால் ஒலியில் ஒரு கரகரப்பு இருக்கும். அழுத்தம் கூடும்போது தோல் இறுகிச் சுருதி ஏறும்.

*அடித்தளம்.* ஆசிலேட்டர் 1 சைன் அலை. வாசிக்கும் கட்டை 80 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கட்டும். நாய்ஸைச் சேர்த்து, லோ பாஸ் ஃபில்டரை 900 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

*கரகரப்பு.* நாய்ஸின் அளவை 28 ஹெர்ட்ஸ் எல்எஃப்ஓவால் ஏற்றி இறக்குங்கள். இந்த வேகம் ஒரே சீராக இருந்தால் மோட்டார் ஓடுவதுபோல் இருக்கும். இன்னொரு எல்எஃப்ஓவை சாம்பிள் அண்ட் ஹோல்டு வடிவத்தில் வைத்து, அதைக் கொண்டு முதல் எல்எஃப்ஓவின் வேகத்தைக் கொஞ்சம் கலையுங்கள்.

*முனகல்.* சுருதிக்கு ஒரு என்வலப்: 250 மில்லி செகண்டில் ஏழு அரைச் சுரம் ஏறி, 150 மில்லி செகண்டில் இறங்க வேண்டும். ஏழு என்பதை அப்படியே விடாதீர்கள், வெலாசிட்டியோடு இணையுங்கள். மெல்லத் தொட்டால் இரண்டு, ஓங்கி அடித்தால் ஒன்பது. மாட் வீலை ஏறும் நேரத்தோடு இணைத்தால் நீண்ட முனகல், குட்டையான முனகல் இரண்டும் ஒரே பிரீசெட்டில் கிடைக்கும்.

*மேற்சுரங்கள்.* கடைசியாக வேவ்ஷேப்பரில் மிதமான சாச்சுரேஷன் கொடுங்கள். காரணம் ஸ்பீக்கர். 80 ஹெர்ட்ஸ் சைன் அலை ஹெட்போனில் வயிற்றைக் கலக்கும். தெருவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சுத்தமாகக் காணாமல் போகும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் குழாயில் பெரும்பாலும் எதுவும் வராது. ஆனால் 320, 400, 480 ஹெர்ட்ஸ் மேற்சுரங்கள் சேர்ந்து வந்தால், வராத 80ஐக் காது தானே கற்பித்துக்கொள்ளும். சாச்சுரேஷன் தருவது அந்த மேற்சுரங்களைத்தான்.

மூன்றாவது பிரீசெட்: வெடி

பட்டாசுச் சத்தத்தைப் பதிவு செய்து அப்படியே போட்டால் என்ன என்று கேட்கலாம். சிக்கல் அளவில் இருக்கிறது. 1999இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்த்தபடி, வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் ஏஐ அல்லது 145 டெசிபல் சி உச்ச அளவைத் தாண்டும் பட்டாசுகளைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. அந்த உச்சத்தையே கணக்கில் எடுத்தாலும், திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல்தான் குறையும். 8 மீட்டரில் 139, 16இல் 133, 32இல் 127. கைபேசி மைக் அதற்கும் திணறி அலையின் தலையை வெட்டிவிடும். எனவே தெருக்கோடியில், ஒரு சுவருக்குப் பின்னால் நின்று பதிவு செய்யுங்கள். பதிவை மாதிரிக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஒலியை நாமே கட்டுவோம்.

*ஒற்றை வெடி.* மூன்று அடுக்கு. முதலாவது கீறல்: வெள்ளை நாய்ஸ், அட்டாக் பூஜ்யம், டிகே 15 மில்லி செகண்ட். இரண்டாவது உடல்: சைன் அலை, 160 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 மில்லி செகண்டில் 45க்கு விழ வேண்டும். மூன்றாவது வால்: 600 ஹெர்ட்ஸ் லோ பாஸ் வழியே வரும் நாய்ஸ், டிகே 900 மில்லி செகண்ட். சர்ஜில் ஏ, பி என்று இரண்டு சீன்கள் உண்டு. முதல் இரண்டு அடுக்கை ஏயிலும் வாலை பியிலும் வைத்து, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் டூயல் நிலையில் இயக்குங்கள்.

*தூரம்.* இந்த பிரீசெட்டின் உயிர் ஒரே ஒரு மேக்ரோ: 'தூரம்'. தொலைவில் வெடிப்பது மந்தமாகக் கேட்கக் காரணம், காற்று உயர் அதிர்வெண்களை வழியிலேயே உறிஞ்சிவிடுவது. மேக்ரோவைக் கூட்டும்போது கீறல் குறைய வேண்டும், ஃபில்டர் இறங்க வேண்டும், ரிவெர்ப் ஏற வேண்டும். காட்சிக்கு ஒலி சேர்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 700 மீட்டர் தள்ளி வானத்தில் பூ விரிந்தால் சத்தம் இரண்டு நொடி கழித்துத்தான் வரும்.

*சரவெடி.* நாய்ஸ் அளவை, செங்குத்தாக ஏறிச் சரிந்து இறங்கும் ரம்ப எல்எஃப்ஓவால், நொடிக்கு 14 முறை தட்டுங்கள். உறுமியில் செய்ததுபோலவே வேகத்தைக் கலையுங்கள். ஒவ்வொரு தட்டின் உயரத்தையும் கலையுங்கள். திரி ஒரே சீராக எரிவதில்லை, காகிதச் சுற்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கலைக்காமல் விட்டால் தையல் மெஷின்தான்.

*விசில் ராக்கெட்.* குழாய்க்குள் மருந்து எரிய எரிய, அதன் மேலே காலியான குழாயின் நீளம் கூடுகிறது. நீளம் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். பல்ஸ் அலையை 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கி ஒரு நொடியில் 2,000க்கு இறக்குங்கள். இறக்கம் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் இருக்கட்டும்.

மேடைக்கு முன் சோதனை

ஹெட்போனில் நன்றாக இருப்பது போதாது. கச்சேரிக்கு முன் சவுண்ட் செட்காரரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, மூன்று பிரீசெட்டையும் குழாயிலும் பாக்ஸிலும் தனித்தனியாகப் போட்டுக் கேளுங்கள். "ட்ரெபிள் குத்துது" என்று அவர் சொன்னால் நாகசுரத்தில் ஃபில்டரை 3,500இலிருந்து 2,800க்கு இறக்குங்கள்; மிக்சரில் அவர் குறைக்கட்டும் என்று விட்டால் பாடகர் குரலும் சேர்ந்து மங்கும். "பேஸ் இரையுது" என்றால் உறுமியில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் வையுங்கள்.

அடுத்து அளவு. ஒரு பிரீசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒலி எகிறக் கூடாது. மூன்றையும் ஓங்கி வாசித்து, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வரும்படி சமன் செய்யுங்கள். மீட்டர் ஒரே அளவைக் காட்டினாலும் நாகசுரம் காதுக்குக் கூடுதலாகவும் வெடி குறைவாகவும் தெரியும். கடைசித் திருத்தத்தைக் காதால் செய்யுங்கள். வெடி பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் அரை நொடி எல்லாவற்றையும் அடக்குங்கள்.

பழைய லேப்டாப் என்றால் ரிவெர்ப் ஒன்றுக்கு மேல் வேண்டாம். வெடிக்குக் குரல் எண்ணிக்கையை நான்காகக் குறைத்துவிடுங்கள்.

பெயரும் உரிமையும்

'என் லீட் 3' என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது. 'நாகசுரம் பாரி பெண்ட்2' என்று வாத்தியம், வகை, வீல் எல்லை மூன்றையும் பெயரிலேயே சொல்லுங்கள். சேமிக்கும் பெட்டியில் குறிப்பு எழுத இடம் உண்டு. மாட் வீல் என்ன செய்யும், மேக்ரோக்கள் எவை என்று இரண்டு வரி எழுதுங்கள். வேறொருவர் கைக்குப் போகும்போது அந்த இரண்டு வரிதான் பிரீசெட்டைப் பயன்பட வைக்கும்.

அடியிலிருந்து நீங்கள் கட்டிய பிரீசெட்டை விற்கலாம், கொடுக்கலாம். திரைப்பாட்டிலிருந்து வெட்டிய துண்டை அதற்குள் வைக்காதீர்கள். அது அடுத்தவர் சொத்து. மேளக் கலைஞர் ஒருவரின் பதிவை வேவ்டேபிளாக மாற்றிச் சேர்த்தால் அவரிடம் எழுதி வாங்குங்கள், பணத்திலும் பங்கு பேசுங்கள்.

பயிற்சி

1. நாகசுரம் பிரீசெட்டில் எஃப் கட்டையை மட்டும் அழுத்தி, தோடி காந்தாரத்தை வீலால் வாசியுங்கள். ஒரு நாகசுரப் பதிவோடு ஒப்பிட்டு, உங்கள் அசைவு எங்கே சீக்கிரம் திரும்புகிறது என்று குறியுங்கள்.
2. அதே பிரீசெட்டில் ஆசிலேட்டரை சதுர அலைக்கு மாற்றி மறுபடி வாசியுங்கள். பிறகு ரம்ப அலைக்கே திரும்பி, சுருதி என்வலப்பையும் போர்ட்டமெண்டோவையும் அணைத்துவிட்டு, வீலைத் தொடாமல் வாசியுங்கள். இரண்டையும் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல், ஊரில் மேளம் கேட்டுப் பழகிய ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். எதை நாகசுரம் என்கிறார் என்று பாருங்கள்.
3. பம்பைக்கு நான்கு கேள்விகளையும் எழுதிப் பதில் சொல்லுங்கள். பதில் முடியும் வரை சிந்தசைசரைத் திறக்காதீர்கள். அடுத்த அத்தியாயத்தில் பம்பையையும் தவிலின் வலந்தலையையும் எடுத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.